கடைசிப் பெஞ்சு வரை போகாத குரல்

கிழக்கேகோட்டையின் இரைச்சலைப் பற்றி இங்கே வந்து குடியேறிய நம்மவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பஸ் ஸ்டாண்டு, ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு, போதாக்குறைக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் சிதறுதேங்காய். இந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன; நம் பிள்ளைகளும் படித்துக் கரையேறியிருக்கிறார்கள். ஆசிரியரின் குரல் மாணவனின் காதில் போய்ச் சேருவதற்கு நம் தேசத்தில் என்னென்ன ஏற்பாடுகள் நடந்தன என்று தேடப்போனேன். அந்த வரலாறு இரண்டு கிளையாக ஓடியிருக்கிறது. ஒன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மற்றொன்றைக் கவனிப்பார் குறைவு.

முதல் கிளை வானொலியில் தொடங்குகிறது. சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் சொந்தமாக ஒலிபரப்பு நடத்தியபோது, தன் பள்ளிக் குழந்தைகளுக்கென்று பாட்டுப் பாடமும் கதையும் ஒலிபரப்பியது. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி 1943 மார்ச் 12 அன்று பேசத் தொடங்கி, 1950 ஏப்ரல் 1 அன்று அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. அடுத்து வானத்திலிருந்தே பாடம். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போயிற்று. தும்பாவில் 1963இலேயே ராக்கெட் விட்ட நம் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். அந்தக் குறை 2004 செப்டம்பர் 20இல் எஜுசாட் ஏவப்பட்ட பிறகு தீர்ந்தது. 2005 ஜூலை 28 அன்று அப்துல் கலாம் இதே திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் கேரளத்தின் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் எல்லாம் வந்து சேர்ந்தன.

பெருமைப்பட வேண்டியதே. ஆனால் இவையெல்லாம் நன்றாகக் கேட்கும் காதை நம்பிச் செய்தவை. காது மந்தமான பிள்ளைக்கு ஸ்பீக்கர் எந்த அளவுக்கு உதவும்? திறந்தவெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள்ளோ, சிமெண்டுச் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி சொல்லோடு சொல்லைக் குழப்பிவிடும். மேலே மின்விசிறி, வெளியே ஆட்டோ. உயிரெழுத்து பலமாக ஒலிப்பதால் தப்பித்துக்கொள்ளும். மெல்லிசாக ஒலிக்கும் மெய்யெழுத்துகளில் பல முதலில் காணாமல் போகும். காலியான வகுப்பறையில் இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்று 2002இல் அமெரிக்காவில் ஒரு தரக்கட்டுப்பாடு எழுதினார்கள். அதைக் கிழக்கேகோட்டையில் சொன்னால் சிரிப்பார்கள். சரி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றால், 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது.

இரண்டாவது கிளை தொடங்கிய இடங்களில் ஒன்று நம் பாளையங்கோட்டை. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷன் அம்மையார் அங்கே காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மும்பை, கல்கத்தா பள்ளிகளை அடுத்துத் தோன்றிய பழம்பெரும் பள்ளி அது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, இப்பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சு ஒன்றே வழி என்று தீர்மானம் போட்டிருந்த காலம். அப்போது அம்மையார் சைகையையும் கையாண்டார் என்பது சாதாரணக் காரியமன்று.

கருவிகள் பிறகு வந்தன. முதலில் பெஞ்சுக்குப் பெஞ்சு ஒயர் இழுத்து, பிள்ளைகளின் தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். ஆசிரியர் மைக்கில் பேசுவது நேரே காதுக்கு வரும். பிள்ளை மட்டும் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. அடுத்தது லூப். அறையைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்னோட்டம் செலுத்துவார்கள். காதுக் கருவிக்குள் இருக்கும் சின்னச் சுருள் அந்தக் காந்த அலையை வாங்கிச் சொல்லாக மாற்றும். எஃப்.எம். முறை வந்ததும் கம்பியும் போயிற்று. டீச்சரின் கழுத்தருகே மைக், பிள்ளையிடம் ரிசீவர். இவற்றின் சூட்சுமம் ஒன்றுதான். மைக் டீச்சரின் வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால், குரல் அறையின் இரைச்சலோடு கலக்குமுன்பே பிள்ளையின் காதுக்குப் புறப்பட்டு விடுகிறது. சுவரில் மாட்டிய ஸ்பீக்கரால் இது ஆகாது.

திருவனந்தபுரத்தில் இதற்கு அஸ்திவாரம் உண்டு. ஜகதியில் காது கேளாதோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. 1997இல் தொடங்கி இன்று ஆக்குளத்தில் இயங்கும் 'நிஷ்' நிறுவனத்தில், காது கேளாத மாணவர்கள் கம்ப்யூட்டரும் ஓவியமும் பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். 2012இல் கேரள அரசு கொண்டுவந்த 'சுருதிதரங்கம்' திட்டம், காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையை ஏழைக் குழந்தைகளுக்கும் எட்டச் செய்தது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காக்ளியர் கருவியைப் பொருத்தியதும் பிள்ளை பேசிவிடாது. அது வெறும் ஒலியைத்தான் உள்ளே அனுப்பும். ஒலிக்குப் பொருளைச் சேர்ப்பது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வீட்டில் நடக்கும் பேச்சு. 1969இல் சென்னையில் தொடங்கிய பாலவித்யாலயா பள்ளி, பெற்ற தாயையும் பயிற்சியில் கூட உட்கார வைத்தது இதனால்தான். நம் தெருவில் ஒரு தாய் என்னிடம், "ஒத்த பாஷை போதும், வீட்லயும் மலையாளத்துலயே பேசுங்கன்னு ஒரு எடத்துல சொல்லிட்டாங்க அண்ணாச்சி. எனக்குக் கொஞ்ச வர்றதே தமிழ்லதான்" என்றாள். பாட்டி தமிழ், அப்பாவும் தமிழ், சாலைக் கடையில் பாதிப் பேர் தமிழ். தாய்க்கு முழுசாக வராத மொழியில் பிள்ளையோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? பேச்சு குறைந்தால் காது பழகுவதும் குறையும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் காக்ளியர் பொருத்திய பிள்ளைகள் பின்தங்குவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் பல சொல்கின்றன. பள்ளிக்கு மலையாளம், மடிக்குத் தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வழிப் பிள்ளைகளைக் கேரளம் மறந்துவிடவும் இல்லை. கொரோனாக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று தொடங்கிய 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்களைத் தமிழிலும் தயாரித்தார்கள். அதே அக்கறை காதுக் கருவிப் பயிற்சிக்கும் வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தமிழில் பயிற்சி தரக்கூடிய ஆள் வேண்டும், தமிழ்ச் சொற்பட்டியலும் படஅட்டையும் வேண்டும். பயிற்சியாளர் கிடைக்கும் வரை, படஅட்டைகளையாவது நம் சங்கமே அச்சிட்டுக் கொடுக்கலாம். நான் அந்தத் தாயிடம் சொன்னது வேறொன்றுமில்லை: "நீ தமிழ்லயே கொஞ்சும்மா. டாக்டர் கிட்ட நானும் கூட வர்றேன்."