கப்பலில் போன எண்ணெய், டின்னில் வந்த மாஜரின்: நமது குசினியின் கதை

இப்னு பதூதாவைப் பற்றிப் பேச்சு வந்தால் புத்தளத்தாருக்கு ஒரு பெருமை. 1344 இல் அவர் இலங்கையில் வந்து இறங்கிய "பத்தாலா" நமது ஊர்தான் என்போம். கரையெல்லாம் கறுவாத் தடிகள் குவிந்து கிடந்ததாக அவர் எழுதியதையும் சொல்லி, அத்தோடு முடித்து விடுவோம். ஆனால் அவருடைய பயண நூலில் நமது குசினிக்கு அதைவிட நெருக்கமான ஓர் இடம் இருக்கிறது. அது இலங்கை பற்றிய பகுதியில் இல்லை. இன்று ஓமானுக்குள் இருக்கும் ளுஃபார் பகுதியைப் பற்றி எழுதும்போது, அங்கே தென்னை வளர்வதைக் கண்டு, தேங்காயைப் பற்றி நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்.

தேங்காய்ப்பால் எடுக்கும் முறையை அவர் விபரிப்பது இப்படி: ஒவ்வொரு வீட்டிலும் கதிரை போன்ற ஒரு சாமான் இருக்கும். பெண் அதன் மேல் உட்கார்ந்து, முனையில் இரும்புள்ள ஒரு தடியால் தேங்காயின் உட்புறத்தைச் சுரண்டுவாள். விழுவதைத் தட்டில் சேர்த்துத் தண்ணீரில் கரைத்தால் பாலின் நிறமும் சுவையும் வந்துவிடும்.

இதை வாசிக்கும் எவருக்கும் திருவலைதான் கண்ணில் தெரியும். அவர் சொல்லும் இரும்பு கையில் பிடிப்பது. நமது திருவலையில் இரும்பு நாக்கு மணையோடு சேர்ந்தே இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். எண்ணெயைப் பற்றியும் எழுதுகிறார். முற்றிய தேங்காயை வெட்டி வெயிலில் காயவைத்து, பெரிய பாத்திரத்தில் காய்ச்சி எடுப்பார்களாம். விளக்குக்கு அதுதான், ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட அதுதான், பெண்களின் தலைமுடிக்கும் அதுதான். ஏறத்தாழ எழுநூறு வருடத்துக்கு முந்திய செய்தி இது. நமது உம்மம்மாமார் காலம் வரைக்கும் ஒரே போத்தல் இந்த மூன்று வேலையையும் செய்தது.

குசினிச் சாமான்களின் சரித்திரத்தை யாரும் பாடப் புத்தகத்தில் எழுதவில்லை. பெயர்களிலேதான் அது ஒளிந்திருக்கிறது. குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப் போனது. பொரிக்கிற தாச்சியும் அப்படியே. தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் பீரிசும், பாண் வேகிற போறணையும் அவர்களுடையவைதான். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் அறபுச் சொல். அம்மி, உரல், அகப்பை, சுளகு எல்லாம் தமிழ். வட்டிலப்பத்தில் அப்பத்துக்கு முன்னால் நிற்கும் வட்டிலும் ஒரு பாத்திரத்தின் பெயர்தான். பாத்திரம் வீட்டிலிருந்து போய்விட்டது, பெயர் பலகாரத்தில் மிஞ்சிவிட்டது.

கொழுப்புக்கு வருவோம். வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சுவதைப் பார்த்தவர்கள் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள். தேங்காயைத் திருவி, பிழிந்து, தலைப்பாலை அடிகனமான சட்டியில் ஊற்றி மெல்லிய நெருப்பில் வைப்பார்கள். தண்ணீர் வற்ற வற்றப் பால் திரியும். எண்ணெய் மேலே தெளியும், பொன்னிறச் சக்கை அடியில் தங்கும். அந்தச் சக்கையில் சீனி போட்டுத் தின்னப் பிள்ளைகள் அடுப்பங்கரையைச் சுற்றி நிற்பார்கள். ஒரு போத்தல் எண்ணெய்க்குப் பத்துக்கு மேல் தேங்காய் போகும். ஆகவே இது அன்றாட எண்ணெய் அல்ல. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் தலைக்கும் மருந்துக்குமான எண்ணெய். கறிக்கு வேண்டியது செக்கிலிருந்து வந்தது. கொப்பறாவைச் செக்கில் போட்டு மாட்டைக் கட்டிச் சுற்ற விடுவார்கள். பிண்ணாக்கு மாட்டுக்கு, எண்ணெய் மனிதனுக்கு.

நெய்க்கு வேறு கணக்கு. வெண்ணெயை உருக்கும்போது சடசடவென்று சத்தம் வரும், அது உள்ளே இருக்கும் தண்ணீர் போகும் சத்தம். சத்தம் அடங்கியதும் ஒரு பிடி முருங்கையிலையைப் போட்டு, அது மொறுமொறுத்ததும் இறக்குவார்கள். காதால் பதம் பார்க்கும் சமையல் அது. அப்படிக் காய்ச்சிய நெய் மாதக்கணக்கில் கெடாது. கெடுவதற்குத் தண்ணீர் வேண்டும், அதுதான் போய்விட்டதே. ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் மாட்டுக் கொழுப்பை உருக்கிப் போத்தலில் ஊற்றி வைத்த வீடுகளும் இருந்தன. இன்று அதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர்கள் விருப்பத்தோடு பாணில் பூசுகிற மாஜரின் பிறந்த கதையைக் கேட்டால் என்ன செய்வார்களோ.

அதற்கு முன் ஒரு சின்னச் செய்தி. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறையிருந்து, 1679 இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத் தப்பி வந்த றொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் பணியாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிசி மாவையும் கருப்பட்டியையும் சேர்த்துத் தேங்காய் எண்ணெயிலோ வெண்ணெயிலோ பொரிப்பார்கள் என்கிறார். ஒல்லாந்தர் முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தபோது அரசன் அதைச் செய்வித்து அனுப்ப, "இது மரத்தில் காய்ப்பதோ?" என்று அவர்கள் கேட்டார்களாம். மனிதக் கையால் இவ்வளவு ருசியாகச் செய்ய முடியாது என்று நினைத்தார்களாம். நமது எண்ணெய்ப் பலகாரத்துக்கு வெளிநாட்டான் கொடுத்த முதல் நற்சான்றிதழ் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வெள்ளைக்காரனுக்குப் பலகாரத்தை விட எண்ணெயில் ஆசை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலாபம், குருநாகல், நீர்கொழும்பு, புத்தளம் என்று தென்னந்தோட்டங்கள் பெருகின. கொழும்பில் மாட்டுச் செக்கின் வேலையை நீராவி ஆலைகள் எடுத்துக்கொண்டன. எண்ணெயும் கொப்பறாவும் பீப்பாயிலும் சாக்கிலும் கப்பலேறின. அங்கே அவர்கள் அதைக் கொண்டு முதலில் சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்தார்கள்.

மாஜரின் பிறந்தது பிரான்ஸில், 1869 இல். வெண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம். படையினருக்கும் ஏழைகளுக்கும் மலிவான மாற்று வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவித்தான். இப்பொலித் மெஜ் மூரியே என்ற இரசாயனவியலாளர் செய்து கொடுத்தார். எதிலிருந்து தெரியுமா? மாட்டுக் கொழுப்பிலிருந்து. அதோடு கொஞ்சம் ஆடை நீக்கிய பால். ஒல்லாந்து வியாபாரிகள் அதை வாங்கிப் பெரிய தொழிலாக்கினார்கள். மாட்டுக் கொழுப்பு போதாமல் போனபோது தேங்காய் எண்ணெய் உள்ளே வந்தது. 1929 இல் ஆங்கிலேயச் சவர்க்காரக் கம்பனியும் ஒல்லாந்து மாஜரின் கம்பனியும் ஒன்றாகி யுனிலீவர் ஆனதற்கு ஒரு பெரிய காரணம், இரண்டு பேரும் ஒரே எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் சந்தையில் போட்டி போட்டதுதான்.

இப்போது கதையைச் சேர்த்துப் பாருங்கள். நமது மண்ணில் விளைந்தது கப்பலில் போனது. அங்கே நிறம் மாறி, பெயர் மாறி, மஞ்சள் டின்னில் "நாகரிகமான" உணவாகத் திரும்பி வந்தது. வந்ததும், உள்ளூர் எண்ணெய் நாட்டுப்புறத்தானுடையது என்றாகிவிட்டது. கல்யாண வீட்டு நெய்ச்சோற்றில் நெய் போய் மாஜரின் வந்தது, பெயர் மட்டும் நெய்ச்சோறாகவே இருந்தது. நமது உம்மாமாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெய் விலை அவர்களுக்கு எட்டவில்லை, டின் விலை எட்டியது. அதோடு, விளம்பரத்தில் டொக்டர் மாதிரி ஒருவர் வந்து நல்லது என்றும் சொன்னார்.

நடுவில் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. 1902 இல் வில்ஹெல்ம் நோர்மான் என்ற ஜேர்மன்காரர், திரவ எண்ணெய்க்குள் ஐதரசனைச் செலுத்தி அதைக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார. மலிவான எந்த எண்ணெயையும் வெண்ணெய் போல உறைய வைக்கலாம் என்றானது. இந்தியாவில் டால்டா வந்ததும் இந்த வழியில்தான். அரைகுறையாக ஐதரசன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று 1990 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்கும் கட்டானும் காட்டினார்கள். தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உலகம் முழுவதும் ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அழைப்பு விட்டது 2018 இல். கண்டுபிடிப்புக்கும் அழைப்புக்கும் நடுவில் 116 வருடம். இப்போது பல மாஜரின்களைச் செய்யும் முறை மாறிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நடுவில் தின்றவர்கள் தின்றுவிட்டார்கள்.

சாமான்களின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். எழுபதுகளின் கடைசியிலிருந்து நம் பகுதிப் பெண்களும் ஆண்களும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வந்த பெட்டிகளில் கம்பளிக்கும் பால்மாவுக்கும் நடுவில் பிளெண்டரும், ரைஸ் குக்கரும், கறுத்துப் பளபளத்த ஒட்டாத தாச்சியும் இருந்தன. ரைஸ் குக்கரை நாம் குறை சொல்ல மாட்டோம். 1955 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தச் சாமான், சஹருக்கு எழும்பும் பெண்ணுக்கு ஒரு மணித்தியால நித்திரையைத் திருப்பிக் கொடுத்தது. பிளெண்டரும் பரவாயில்லை. கையால் பிழிந்த தலைப்பாலின் தடிப்பு அதில் வராது, ஆனால் ஐந்து தேங்காய்ப் பால் வேண்டிய நாளில் யார் தடிப்பைப் பார்ப்பது?

ஒட்டாத தாச்சிதான் பெரிய ஏமாற்றம். அதன் பூச்சு 1938 இல் அமெரிக்காவில் றோய் பிளங்கெட் என்பவரின் ஆய்வுகூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1950களில் பிரான்ஸில் அதைத் தாச்சியில் ஒட்டினார்கள். மெல்லிய நெருப்பு, மரக்கரண்டி, மெத்தென்ற துணி, இதுதான் அதற்கு ஒத்து வரும். நாமோ பெரிய நெருப்பில் கடுகு வெடிக்க வைத்து, இரும்புக் கரண்டியால் வறட்டி, தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறவர்கள். ஆறு மாதத்தில் கீறல், வருடத்தில் உரிதல். வெறும் தாச்சியை அடுப்பில் மறந்து விட்டால் 260 பாகைக்கு மேல் பூச்சே சிதையத் தொடங்கும். உரிந்ததைத் தூக்கிப் போட மனம் வராமல் இன்னும் முட்டை பொரிக்கிற வீடுகள் இருக்கின்றன. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதே வீட்டு மூலையில் உம்மம்மாவின் அப்பத் தாச்சி இருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துப் பழகிய அந்த இரும்பில் மா ஒட்டாது. உரிவதற்கும் அதில் ஒன்றுமில்லை.

மின்சாரத் திருவலையும் நம்மை வென்றதில்லை. கை கொஞ்சம் அசந்தால் சிரட்டையின் தவிட்டு நிறத் தோலையும் சேர்த்துச் சுரண்டித் தேங்காய்ப்பூவைக் கறுப்பாக்கிவிடும். பழைய மணைத் திருவலையை மட்டும் புகழ்வதும் நியாயமில்லை. சஹனுக்குச் சமைக்கிற வீட்டில் அதில் குந்தியிருந்து திருவிய பெண்களின் இடுப்பைக் கேட்டால் தெரியும். நமது தெரிவு, மேசையில் பூட்டிக் கையால் சுற்றுகிறது. நின்றுகொண்டே திருவலாம், மின்சாரம் வேண்டாம், ஆண்பிள்ளைகளிடமும் கொடுக்கலாம். கடைசிக் காரணம்தான் முக்கியமானது.

சாமான் என்றால் என்னவென்று நமது ஊருக்கு இன்னொரு தடவை தெரிந்தது 1990 ஒக்டோபரில். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் வந்து சேர்ந்தபோது, அம்மியும் உரலும் அங்கே அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டன. தென்னந்தோப்புக்குள் கிடுகுக் கொட்டில்களில் மூன்று கல்லை வைத்துத்தான் அடுப்பைத் தொடங்கினார்கள். நல்லெண்ணெய் மணத்தோடு சமைத்துப் பழகிய அவர்கள் தேங்காய் எண்ணெய்க்குப் பழகினார்கள்.

2022 இல் எல்லோருக்குமே பரீட்சை வந்தது. காஸ் இல்லை, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ரைஸ் குக்கர், பிளெண்டர், மின்சாரத் திருவலை எல்லாம் அலங்காரப் பொருளாயின. விறகு நெருப்பில் வைக்கக்கூடிய சட்டி எத்தனை வீட்டில் இருந்தது என்று அப்போது தெரிந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே கலங்கியது. தேங்காய் ஆராய்ச்சி நிறுவகம் நமது மாவட்டத்தில் லுணுவிலவில் இருக்கிறது, ஆனால் நமது கடைகளில் வெளிநாட்டு எண்ணெய். 2025 இல் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது, சம்பல் கூட யோசித்து அரைக்கிற பண்டமாயிற்று.

இயற்கைக் கொழுப்பு என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. ஆகவேதான் புத்தளத்தில் தண்ணீராக இருக்கும் அதே எண்ணெய் நுவரெலியாவில் மெழுகாக உறைகிறது. இருதய வருத்தக்காரர் டொக்டர் சொல்வதைக் கேட்கட்டும். முன்னோர் உண்டார்கள் என்றால், அவர்கள் வயலுக்கும் உப்பளத்துக்கும் நடந்து போனார்கள், பொரியல் பெருநாளைக்குத்தான். இப்போது நோன்பு மாதம் முப்பது நாளும் பொரியல், அதுவும் நேற்றைய எண்ணெயில். அந்தக் கறுத்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மண்சட்டிக்குத் திரும்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், டப்பென்று கேட்டால் வெடிப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். அடுத்த நாள் சோற்றுக் கஞ்சியை ஊற்றி மெல்லிய நெருப்பில் கொதிக்க வையுங்கள். ஆறியதும் கழுவி, உட்புறம் தேங்காய் எண்ணெய் தடவிக் காயவிடுங்கள். முதலில் மீன் ஆணம் வைக்க வேண்டாம். மீன் மணம் பிடித்தால் அந்தச் சட்டி கடைசி வரைக்கும் மீன் சட்டிதான்.