பெயரில் அச்சம் வைத்தவர்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் என்றொரு துறைமுக நகரம். 2010-இல் அங்கே ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை உறுதியானது. தலையில் இருக்கும் 'ட்ரெட்லாக்ஸ்' என்ற திரண்ட சடையை எடுத்துவிட்டு வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றது நிறுவனம். அவர் மறுத்தார், வேலை போயிற்று. சம வேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக வழக்காடியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் வாதத்தை ஏற்கவில்லை. பிறவியிலேயே வந்து மாற்ற முடியாமல் இருப்பது வேறு, விரும்பி வைத்துக்கொள்ளும் சிகை வேறு என்றது தீர்ப்பு.

சட்டத்தை விட்டுவிடுவோம். சொல்லைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த வழக்கில் வேறொன்று கிடைக்கிறது. ஆணையத்தின் மனுவில் ட்ரெட்லாக்ஸ் என்ற பெயருக்கு ஒரு பிறப்புக் கதை சொல்லப்பட்டிருந்தது. அடிமைக் கப்பல்களின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களின் முடி ரத்தமும் வியர்வையும் அழுக்குமாய்த் திரண்டுபோக, அதைக் கண்ட வணிகர்கள் 'ட்ரெட்ஃபுல்', அதாவது பார்க்கவே பயங்கரம், என்றார்களாம். அந்தச் சொல்லே முடியோடு ஒட்டிக்கொண்டதாம். கறுப்பின அமெரிக்கர் பலர் இன்று 'ட்ரெட்' என்பதை உச்சரிக்காமல் 'லாக்ஸ்' என்று மட்டும் சொல்வதற்கு இந்தக் கதைதான் முக்கியக் காரணம்.

கேட்டதும் நம்பத் தோன்றும் கதை. ஆனால் ஏட்டில் அதற்குச் சான்று இல்லை. கப்பலில் ஏற்றுமுன் தலையை மழித்துவிடுவது அடிமை வணிகத்தில் பரவலான வழக்கம். ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லின் முதல் பதிவாகக் காட்டுவதும் 1960-ஐ ஒட்டிய காலத்தைத்தான். இடம் ஜமைக்கா.

1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் முடிசூடினார். ஜமைக்காவின் ஏழைக் கறுப்பர்களில் சிலர் அவரையே மண்ணில் வந்த கடவுளாகக் கண்டார்கள். ரஸ்தாஃபாரி நெறி அப்படிப் பிறந்தது. அம்ஹாரிக் மொழியில் 'ராஸ்' என்றால் தலை. தலையிலிருந்து தலைவன் வந்த வழி தமிழுக்கும் புதிதல்ல.

தொடக்க கால ரஸ்தாக்களுக்குத் தாடிதான் அடையாளம், சடை பின்னால் வந்தது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எம். ஜி. ஸ்மித், ராய் ஆகியர், ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டு மூவரும் 1960-இல் கிங்ஸ்டன் ரஸ்தாக்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் சடை வைத்தவர், தாடி வைத்தவர், இரண்டும் இல்லாதவர் என்று மூன்று வகை வருகிறது. இந்த மூன்றாம் வகைக்கு 'பால்ட்ஹெட்', மொட்டைத் தலையர், என்று பெயர். தலை நிறைய முடி இருந்தாலும் சடை இல்லையென்றால் ரஸ்தாவின் கண்ணுக்கு மொட்டைதான்.

சடை எப்படி நுழைந்தது என்பதை ஆராய்ந்தவர் ஜமைக்க மானிடவியலாளர் பேரி செவான்ஸ். மூத்த ரஸ்தாக்களிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திரட்டிய செய்திகளின்படி, 1949-இல் கிங்ஸ்டனில் 'யூத் பிளாக் ஃபெய்த்' என்ற இளைஞர் குழு எழுந்தது. மூத்தவர்களின் சமரசங்கள் பிடிக்காத கூட்டம். சீப்பைத் தொடாமல் இருப்பதை விரதமாக்கியவர்கள் அவர்கள். அதை ஏற்காதவர்கள் சீப்புக்காரர் என்ற பொருளில் 'கோம்சம்' எனப்பட்டு வேறு வீடாகப் பிரிந்தார்கள். இளைஞர் குழுவில் நெறி பிசகுகிறவனை முகத்துக்கு நேரே கண்டிக்கும் தீவிரமானவனுக்கு ஒரு பட்டம் இருந்தது. அந்தப் பட்டம்தான் 'ட்ரெட்ஃபுல்'.

ஆக, கப்பல் கதையில் வரும் சொல் நிஜத்திலும் வருகிறது. சொன்ன வாய்தான் வேறு. தம்மில் கறாரானவரைப் பார்த்துத் தோழர்களே மரியாதையோடு சொன்னது அது. ரஸ்தா பேச்சில் 'ட்ரெட்' என்பது கடவுளுக்கு அஞ்சும் அச்சத்தையும் குறிக்கும். நம் 'பயபக்தி'யைப் பிரித்துப் பார்த்தால் இது சட்டென விளங்கும்.

சொல்லின் மறுபாதியான 'லாக்' பலர் நினைப்பதுபோல் பூட்டு அல்ல. மயிர்க்கற்றையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. கம்பளி மயிர்க்கற்றைக்கும் அதுவே பெயர். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில், தலையில் கத்தி படாமல் முடி வளர்க்கும் நசரேய விரதத்தைச் சொல்லும் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்திலும், சிம்சோனின் ஏழு கற்றைகளைச் சொல்லும் இடத்திலும் இந்தச் சொல் நிற்கிறது. ரஸ்தாக்கள் அன்றாடம் புரட்டிய நூல் அது. சிம்சோன் கதைக்குத் தமிழ் விவிலியம் 'ஜடை' என்றே எழுதியிருக்கிறது.

ஜடை என்றதும் தமிழ் வாசகருக்கு இன்னொரு கேள்வி எழும். சிவனுக்கும் சாதுக்களுக்கும் உரிய கோலம் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குப் போயிருக்குமோ? 1845 மே மாதம் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் அங்கே கரை சேர்ந்தது. பெரும்பாலோர் கங்கைச் சமவெளியிலிருந்து போனவர்கள், ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் என்ற ஆய்வாளர்கள் ரஸ்தா நெறியில் இந்தியச் சாயல் ஆழமாக உண்டு என்று வாதிட்டார்கள். காரணமில்லாமல் இல்லை. கஞ்சா அங்கும் கஞ்சாதான், சிலும்பிக்குச் 'சிலம்' என்றே பெயர். ரஸ்தா முன்னோடி லெனர்ட் ஹோவெல் தம் நூலை வெளியிட்ட புனைபெயரில் 'மகராஜ்' என்பது 'மராக்' எனத் திரிந்து நிற்கிறது. ஆனால் எனக்கு ஓர் ஐயம். புகைக்கும் இலையின் பெயர் வந்தது, புகைக்கும் குழலின் பெயர் வந்தது, சடையின் பெயர் மட்டும் ஏன் வரவில்லை? பொருளும் பெயரும் சேர்ந்தே கப்பலேறும் என்ற விதி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செவான்ஸ் காட்டும் இளைஞர் குழுவின் பக்கமே என் மனம் சாய்கிறது.

ரஸ்தா பேச்சில் சொற்களைச் செவியால் சோதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அர்ப்பணிப்பைக் குறிக்கும் 'டெடிகேட்' என்ற சொல்லில் 'டெட்', அதாவது செத்தது, என்ற ஓசை கேட்கிறது என்று அதை 'லிவிகேட்' ஆக்கினார்கள். அடக்குமுறையைக் குறிக்கும் 'ஆப்ரெஷன்' என்பதில் 'அப்', மேலே, என்று கேட்கிறதே, மனிதனைக் கீழே தள்ளுவதற்கு அந்தப் பெயரா என்று 'டவுன்ப்ரெஷன்' என்றார்கள். இவ்வளவு கூர்மையான காது உள்ளவர்கள் 'ட்ரெட்'டை மட்டும் கவனிக்காமல் விட்டிருப்பார்களா? கவனித்தே வைத்துக்கொண்டார்கள். அந்த அச்சம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1963-இல் மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் நடந்த மோதலுக்குப் பிறகு ரஸ்தாக்களைக் கண்ட இடத்தில் பிடித்து அடித்தார்கள், சடையை அறுத்தார்கள். ஜமைக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017-இல். இன்னொரு கரீபியத் தீவான டொமினிக்காவில் 1974-இல் வந்த சட்டத்தை மக்கள் 'ட்ரெட் சட்டம்' என்றே அழைத்தார்கள். அதனால் தடைசெய்யப்பட்ட 'ட்ரெட்' கூட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவர் ஒரு வீட்டுக்குள் காணப்பட்டால், அவரைக் கொன்றுவிட்டாலும் வழக்கு கிடையாது என்றது அது. அதே 1974-இல் பாப் மார்லியின் 'நாட்டி ட்ரெட்' இசைத்தட்டு வெளியாகி அந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. முடிச்சு விழுந்த என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் ஜமைக்க நாக்கில் 'நாட்டி' எனத் திரிந்தது. வெளியார் வாயில் வசையாக இருந்ததை ரஸ்தாக்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் பெயராக்கியிருந்தார்கள்.

அமெரிக்காவுக்கு வந்தபோது சொல்லின் சூழல் மாறிவிட்டது. அங்கே லாக்ஸ் வைத்தவர்களில் பெரும்பாலோர் ரஸ்தாக்கள் அல்லர். ரசாயனம் போட்டு முடியை நேராக்குவதை நிறுத்திவிட்டு, பிறந்த சுருளோடு வாழ முடிவெடுத்த பெண்கள் அவர்களில் ஏராளம். தங்கள் முடியைப் பார்த்து யாரும் அஞ்ச வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அலுவலகமும் பள்ளியும் ஏற்கெனவே அஞ்சுவதுதான் அவர்களுக்குத் தொல்லை. 1990-களின் தொடக்கத்தில் சான் டியேகோவில் பேராசிரியராக இருந்த ஜோஆன் கார்ன்வெல், மெல்லிய இழைகளாக லாக்ஸ் அமைக்கும் முறை ஒன்றை வகுத்து 'சிஸ்டர்லாக்ஸ்' என்று பெயரிட்டார். அச்சம் இருந்த இடத்தில் சகோதரி வந்து உட்கார்ந்தாள்.

இந்தத் தொழிலின் பேச்சைக் கவனித்தால் புதிய பெயரின் மனநிலை தெரியும். லாக்ஸ் வைத்துப் பராமரிப்பவர் 'லாக்டிஷியன்', பியூட்டிஷியனுக்குத் தங்கை. தொடங்கும் முறைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள். ஈரத் தலையைக் கட்டம் கட்டமாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து மயிரையும் சீப்பால் சுழற்றிச் சுருளாக்கினால் 'கோம் காயில்', இரண்டு புரியாக முறுக்கினால் 'டூ ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட்', கழுவுவதோடு சரி, மற்றபடி தானே திரளட்டும் என்று விட்டால் 'ஃப்ரீஃபார்ம்'. நாள்தோறும் எல்லாத் தலையிலிருந்தும் 50 முதல் 100 மயிர் உதிர்வது இயல்பு. சீவாத தலையில் அவை தரைக்கு வராமல் கற்றைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். லாக்கின் உடலே அதுதான். முதல் சில மாதம் 'ஸ்டார்ட்டர்', உள்ளே முடிச்சேறி ஆங்காங்கே புடைத்தால் 'பட்டிங்', சொன்ன பேச்சு கேட்காமல் நாலா பக்கமும் நிற்கும் பருவம் 'டீன்', கெட்டிப்பட்டு எடையோடு தொங்கினால் 'மெச்சூர்'. ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். குழந்தை வளர்ப்பின் சொற்கள் இவை, போர்வீரனின் சொற்கள் அல்ல.

பராமரிப்பிலும் அப்படித்தான். வேரில் வளர்ந்த புது முடியை நாலைந்து வாரத்துக்கொரு முறை முறுக்கிவிடுவது 'ரீட்விஸ்ட்'. ஆசைப்பட்டு அடிக்கடி இழுத்து முறுக்கினால் நெற்றியோரம் வழுக்கை விழும். மெழுகு கூடாது, ஒருமுறை உள்ளே போனால் வெளியே வராது. தலைகுளித்தால் அடிவரை உலர வேண்டும், இரவில் சாட்டின் தொப்பி வேண்டும். லாக்ஸைக் கழுவவே கூடாது என்பது வெளியாரின் கற்பனை. 2015 ஆஸ்கர் விழாவுக்கு லாக்ஸோடு வந்த நடிகை ஜென்டாயாவைப் பார்த்து, பச்சோலி எண்ணெயோ கஞ்சாவோ மணக்கும் என்று ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேலி பேசியதும், பிறகு மன்னிப்புக் கேட்டதும் அந்தக் கற்பனையின் பலன்.

'ட்ரெட்' போனதோடு நிற்கவில்லை. லாக்ஸ் என்பதை எழுதும்போது ஆங்கிலத்தின் 'கே' எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். பூட்டின் நினைவு வராமல் இருக்கும், இது தனிச் சொல் என்றும் தெரியும். (தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், இந்தச் சண்டையை நம்மால் காட்டவே முடியாது.) 'கே' வருமுன் பழைய ஆங்கிலத்தில் மயிர்க்கற்றையைக் குறித்த சொல்லில் இரண்டு 'சி' இருந்தன. அறியாமலேயே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்துக்கூட்டலுக்கு அருகே போய்விட்டார்கள். கப்பல் கதை வரலாறாக நிற்காது என்பதால் இந்தப் பெயர்மாற்றம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஓசை பிடிக்காத சொல்லை வெட்டித் தைப்பது ரஸ்தாக்கள் காட்டிய வழிதானே. ஆனால் கதையை வரலாறாகவே சொல்லும்போது, விரும்பி அந்தப் பெயரைச் சூடிக்கொண்ட ஜமைக்க ஏழைகள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

தமிழில் 'ஜடாமுடி' என்றே எழுதிவருகிறோம். அட்லாண்டாவில் வங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது துறவுக்கோலம் பூட்டிவிடுகிறது. வெறும் 'சடை' என்றால் ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை கண்ணுக்கு வருவாள். 'புரிசடை' என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. முறுக்கேறிய சடை என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது, புதிதாக யாரும் எடுத்தாண்டால் பொருந்தும்.

கலிஃபோர்னியா 2019-இல் முடியின் பேரால் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுவே முதல். அந்தச் சட்டத்தை முன்மொழிந்த ஹோலி மிட்செலே லாக்ஸ் வைத்தவர். சட்ட வாசகத்தில் மட்டும் 'கே' போட்ட பழைய எழுத்துக்கூட்டல்தான் இருக்கிறது. 2022-இல் நாடாளுமன்றக் கீழவையில் நிறைவேறி மேலவையைத் தாண்டாமல் நின்ற கூட்டாட்சி மசோதாவில் 'கே' இல்லை. இதே வகையான டெக்சஸ் மாநிலச் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அதே சமயத்தில், லாக்ஸ் வைத்த மாணவர் ஒருவரை அவருடைய பள்ளி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது. சட்டத்தில் லாக்ஸின் பெயர் இருக்கிறது, அதன் நீளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார்.