கள்ளுக்கடைக்குப் பூட்டு, கல்லாப்பெட்டிக்கு வரி!

இந்தியத் துணைக்கண்டத்தில், விற்கும் பொருள் எதுவாயினும் விற்பனைக்கு வரி என்று பொதுவாகச் சொன்ன முதற் சட்டம் எங்கே பிறந்தது தெரியுமா, தோழர்களே? பம்பாயிலா? கல்கத்தாவிலா? இல்லை, நம் சென்னை மாகாணத்துச் சட்டமன்றத்தில்! ஆண்டு 1939. மளிகைக் கடையில் தராசு பிடிக்கும் சிறுவணிகர், அரசாங்கத்துக்குச் சம்பளம் வாங்காத வரித் தண்டலராக ஆக்கப்பட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சட்டத்தை ஈன்ற தாய் யார் என்று கேட்டால், விடை வேடிக்கையானது. கள்!

1937 ஜூலையில் ஆச்சாரியார் தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. நிதிப் பொறுப்பும் அவரிடமே. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அடுத்துச் சித்தூர், கடப்பை, பின்னர் வட ஆர்க்காடு. நல்ல நோக்கந்தான், மறுப்பாரில்லை. ஆனால் அன்றைய மாகாண வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு கள், சாராயத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மாவட்டந்தோறும் மரத்திலிருந்து கலயத்தை இறக்க இறக்க, கருவூலத்தில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று.

ஓட்டையை எதைக்கொண்டு அடைப்பது? வருமான வரி டில்லியின் கையில். சுங்கமும் அங்கேயே. நிலவரியை உயர்த்தினால் உழவன் சீறுவான். அவனுக்குச் சுமை குறைப்போம் என்று சொல்லித்தானே வாக்குக் கேட்டார்கள்! 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தைப் புரட்டியபோது, மாகாணங்களுக்குரிய பட்டியலில் ஒரு வரி கண்ணில் பட்டது: பொருள்களின் விற்பனை மீதான வரி. மத்திய மாகாணத்தார் 1938இல் அதைக்கொண்டு பெட்ரோலுக்கு வரி போட்டார்கள். அது செல்லும் என்று கூட்டாட்சி நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆனால் மோட்டார் வைத்திருப்போர் அன்று எத்தனை பேர்? பெட்ரோல் வரியைச் சென்னையும் போட்டது, போதவில்லை. எனவே கடைத்தெரு முழுவதையும் வளைத்து 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் எழுந்தது. அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு வரி இல்லை. அதாவது நாளொன்றுக்கு இருபத்தேழு ரூபாய் வியாபாரம் வரை விலக்கு. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை விற்றால் மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேற்பட்டால் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய். அரை ரூபாய்தானே, அதற்கா இத்தனை ஆரவாரம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்தைத் தொட்ட பெட்டிக்கடைக்காரர் ஆண்டுக்கு அறுபது ரூபாய் கட்டுகிறார். நூற்றுக்கு அறுபது காசு விழுக்காடு. இலட்ச ரூபாய்க்கு விற்கும் பெருவணிகருக்கு நூற்றுக்கு ஐம்பதே! ஏழை வணிகன் மிகுதியாகவும், பணக்கார வணிகன் குறைவாகவும் கொடுக்கும் விந்தையைச் சட்டமே எழுதி வைத்தது.

இன்னொன்றும் உண்டு. வரி இலாபத்தின் மீதன்று, விற்பனையின் மீது. நகைக்கடையின் ஆதாயம் வேறு, அரிசிக்கடையின் ஆதாயம் வேறு. நூறு ரூபாய் அரிசி விற்று இரண்டு ரூபாய் மிஞ்சுகிறவனிடம் அரை ரூபாய் கேட்டால், அது அவன் ஊதியத்தில் கால் பங்கு. நட்டத்துக்கு விற்றாலோ? அப்போதும் கொடு என்பதே சட்டம்.

அதுமட்டுமா? வரி ஒருமுறையோடு நிற்பதில்லை. பொருள் கைமாறுந்தோறும் விழும். சிற்றூரில் பருப்பை வாங்கும் வியாபாரி விற்கும்போது ஒருமுறை, மண்டிக்காரர் விற்கும்போது ஒருமுறை, நகரத்து மொத்த வணிகர் விற்கும்போது ஒருமுறை, கடைசியில் சில்லறைக் கடையில் ஒருமுறை. முந்தையவர் கட்டிய வரியும் விலையில் சேர்ந்து, அந்த வரிக்கும் வரி! சொந்தக் கிட்டங்கியும் சொந்த விற்பனைக் கடையும் வைத்திருக்கும் ஆலை முதலாளிக்கோ ஒரே விற்பனை, ஒரே வரி. நால்வர் பிழைக்கும் வழியில் நான்கு சுங்கச்சாவடி. ஒருவர் செல்லும் வழியில் ஒன்று. பெரிய நிறுவனம் சிறு கடையை விழுங்குவதற்குப் பொருளியல் விதிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டத்தின் ஒரு வரியே போதும்.

சில விலக்குகளும் இருந்தன. கைத்தறித் துணிக்கு வரியில்லை. ஆனால் கைத்தறித் துணி மட்டுமே விற்பவருக்குத்தான் அது. ஆலைத் துணியையும் சேர்த்து அடுக்கிவிட்டால் சலுகை போயிற்று! நெசவாளிக்குக் காட்டிய கருணைகூடக் கடைக்காரரின் அலமாரியைப் பார்த்துத்தான் வந்தது.

குடிப்பவன் வீட்டில் மிஞ்சும் காசு கடைத்தெருவுக்குத்தானே வரும், அதில் ஒரு துளி கேட்டால் என்ன என்று கேட்கலாம். வாதம் அழகானதே. ஆனால் வாழ்நாளில் கள்ளைக் கண்ணாலும் காணாத கைம்பெண் வாங்கும் எண்ணெய்க்கும் புளிக்கும் அல்லவா அந்தத் துளி விழுந்தது?

அவ்வமைச்சரவையை நினைத்தால் நமக்குக் கட்டாய இந்திதான் நினைவுக்கு வரும். நான் பாடம் நடத்தும் வகுப்பிலும் அப்படியே. தெருவெல்லாம் அந்தப் போர் முழங்கிய ஆண்டுகளில்தான் இந்தச் சட்டமும் உருவாயிற்று. 1939 அக்டோபர் இறுதியில் அமைச்சர்கள் பதவி விலகினார்கள். வரிக்கு அப்போது வயது ஒரு மாதம்! 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது. போர்க்காலத்தில், ஆலோசகர்களை வைத்துக்கொண்டு ஆளுநர் ஆண்ட நாளில், மதுவிலக்கும் நிறுத்தி வைக்கப்பட்டது, கள்ளுக்கடைகள் திறந்தன. இந்தி போயிற்று, மதுவிலக்கு போயிற்று. மதுவிலக்குக்காக வந்த வரி மட்டும் போகவில்லை.

போக்கிப் பார்க்க வணிகர் முயலாமலில்லை. கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு நிறுவனம், உற்பத்தியாளர் செய்யும் முதல் விற்பனைக்கு வரி போடுவது உற்பத்தி வரியே, அது டில்லியின் உரிமை என்று வழக்காடிற்று. 1942இல் கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்தின் பக்கமே நின்றது. 1945இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே வழிமொழிந்தது.

1948 அக்டோபர் 2இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் ஆயிற்று. அரசியலமைப்பு வந்த 1950 வாக்கில் விற்பனை வரி ரூபாய்க்கு மூன்று தம்பிடி; அதாவது காலணா. நான்கு கை மாறினால் ரூபாய்க்கு ஓரணா! பொருளியல் அறிஞர் லோகநாதன் 1957இல் இந்த வரி முறையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1959இல் புதிய சட்டம் வந்தது. குறிப்பிட்ட பொருள்களுக்கு ஒருமுனை வரி என்றும், ஏனையவற்றுக்குப் பலமுனை வரி என்றும் பட்டியல்கள் நீண்டன. அதன்பின் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் படிக்கும் நாளில், எந்தப் பொருள் எந்தப் பட்டியலுக்குத் தாவியது என்று கடைவீதி காது கொடுத்துக் காத்திருந்தது.

மது? 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் அரசே மொத்த விற்பனைக்கு வாணிபக் கழகம் கண்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. யார் ஆண்டபோது எது நடந்தது என்பதை நம்மவர் அறிவர். கணக்கில் கட்சி பார்க்க முடியாது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்று தொடங்கிய வரவுகள், ஒரே பேரேட்டில் இரண்டு பத்திகளாக நின்றன.

வரிக்கு வரி என்னும் பழங்கொடுமை 2007 சனவரி முதல் நாள் வந்த மதிப்புக் கூட்டு வரியால் பெரிதும் நீங்கியது. வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். நல்ல மாற்றம், ஐயமில்லை. ஆனால் கழித்துக்கொள்ளச் சீட்டு வேண்டும், பேரேடு வேண்டும், எழுதக் கணக்கர் வேண்டும். தம்பிடியில் இருந்த சுமை தாளுக்கு மாறியது.

2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. சரக்கு மட்டும் விற்பவருக்கு விலக்கு எல்லை பின்னர் நாற்பது இலட்சமாக உயர்ந்தது. ஆனால் விகிதத்தைச் சொல்லும் இடம் மாறிவிட்டது. ஒன்றிய அரசும் மாநிலங்களும் அமரும் மன்றத்தில், முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வாக்கு டில்லியிடம். அதன் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. பருப்புக்கு எவ்வளவு, பாத்திரத்துக்கு எவ்வளவு என்று இன்று சென்னையின் வரவு செலவு உரை தனித்துச் சொல்ல முடியாது. கடைகளில் விற்கும் பொருள்களில், மாநிலம் தன் விருப்பப்படி விற்பனை வரி விகிதம் குறிக்கக்கூடியவை என்று பெரிதாக எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, பெட்ரோலும் டீசலும். மற்றொன்று, 1937இல் எதை விட்டொழிக்க இந்த வரி பிறந்ததோ, அந்த மது.