சைலென்சரை மாத்தினா குட்டி யானை பறக்குமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி ரொம்பச் சின்னது. லோடு ஏத்துற பிக்கப் வண்டியில கம்பெனி சைலென்சரைக் கழட்டிட்டு, வெளியில விக்கிற பெரிய பைப்பை மாட்டினா இன்ஜினோட சக்தி கூடுமா, கூடாதா?

சிட்டியில உட்கார்ந்து கேட்டா இது பசங்க பைக் பேச்சு மாதிரி இருக்கும். வில்லியனூர், பாகூர் பக்கம் போனீங்கன்னா இது வயித்துப் பாட்டுக் கேள்வி. நெல் மூட்டை, செங்கல், சவுக்குக் கட்டை, கல்யாணப் பந்தல் சாமான் எல்லாம் ஊருக்கு ஊர் நகர்வது இந்தச் சின்ன வண்டிகளில்தான். பெரும்பாலும் ஒரு வண்டி, ஒரு ஓனர், அவரே டிரைவர், மாசா மாசம் டியூ. ‘வண்டி இழுக்க மாட்டேங்குது’ன்னு அவர் சொல்லும்போது, ‘பைப்பை மாத்துங்கண்ணே, பறக்கும்’னு யாராவது சொன்னா, அந்தப் பணம் அவரோட பல நாள் வாடகை. அதனால இதை ஒழுங்கா விசாரிப்போம். இந்த நம்பிக்கைக்கு நூறு வருஷத்துக்கு மேல வயசாகுது, கதையை அங்கிருந்தே எடுக்கலாம்.

சத்தத்துக்குப் போட்ட பூட்டு

1897-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கொலம்பஸ் என்ற ஊரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைய சைலென்சருக்குத் தாத்தா அதுதான். சிலிண்டரில் இருந்து புகை சும்மா வெளியே வருவதில்லை. ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் அழுத்தத்தோடு பீறிட்டு வரும். அந்த அடியைப் பல அறைகள், ஓட்டைகள் வழியா சுத்த விட்டு மென்மையாக்குவதுதான் சைலென்சரின் வேலை.

சுத்த விட்டால் தடை இருக்கும். தடை இருந்தால் பிஸ்டன் கொஞ்சம் கூடுதலா உழைச்சுத்தான் புகையை வெளியே தள்ளணும். இதுக்குத்தான் ‘பேக் பிரஷர்’னு பேரு. 1900-களின் தொடக்கத்தில் வந்த பல கார்களில் ‘கட்-அவுட்’ என்று ஒரு வால்வு இருந்தது. மேடு வந்தால் டிரைவர் அதைத் திறந்து விடுவார். புகை சைலென்சருக்குள் போகாமல் நேரா வெளியே போகும். ஊரே அதிரும், வண்டி ஏறும். தொல்லை தாங்காமல் பல நகரங்கள் அதைத் தடை செய்தன. ‘சைலென்சர் சக்தியைத் தின்னும்’ என்ற எண்ணம் அப்போதே பதிஞ்சு போச்சு. அந்தக் காலத்து முரட்டு சைலென்சருக்கு அது ஓரளவு உண்மையும்கூட.

டூ ஸ்ட்ரோக் கொடுத்த நம்பிக்கை

நம்ம ஊரில் இந்த நம்பிக்கை வேர் பிடிச்சதுக்கு வேற காரணம் இருக்கு. அதைத் தேடி கிழக்கு ஜெர்மனிக்குப் போகணும்.

1950-களில் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் ரேஸ் பைக்குகளுக்கு இன்ஜின் செய்துகொண்டிருந்தார். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். புகை வெளியே போகும் ஓட்டை திறந்திருக்கும்போதே புது பெட்ரோல் கலவையும் உள்ளே வரும். அதில் கொஞ்சம் புகையோட சேர்ந்து வெளியே ஓடிப்போகும். காடன் புகைக் குழாயின் நடுவை வயிறு மாதிரி பெரிதாக்கி, கடைசியில் குறுக்கினார். புகையின் அழுத்த அலை அந்தக் குறுகலில் மோதித் திரும்பி வந்து, வெளியே ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். யோசனை அவருக்கு முன்பே இருந்தது, அதைக் கணக்குப் போட்டு மெருகேத்தினவர் அவர். 1961-ல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே வருஷம் அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் போட்டியின்போது நாட்டை விட்டுத் தப்பி, சுசூகியில் சேர்ந்தார். 1962-ல் சுசூகி 50 சி.சி. உலக சாம்பியன்.

அந்த ஜப்பான் டூ ஸ்ட்ரோக் வித்தை நம்ம தெருவுக்கு வந்தது 1985-ல், ஆர்.எக்ஸ். 100 வடிவத்தில். 98 சி.சி., 11 குதிரைத்திறன். 1996 வரைக்கும் தயாரிப்பில் இருந்தது, இன்னைக்கும் அந்தச் சத்தத்துக்கு ரசிகர்கள் இருக்காங்க. அந்த வண்டியில் பைப்பை மாத்தினா நிஜமாவே வித்தியாசம் தெரியும். ஏன்னா டூ ஸ்ட்ரோக்கில் சைலென்சர் இன்ஜினோட ஒரு உறுப்பு மாதிரி. நல்ல பைப் போட்டா சக்தி கூடும், தப்பான பைப் போட்டா குறையும்.

இங்கதான் முடிச்சு. பைக் பட்டறையில் கத்துக்கிட்ட பாடத்தை, அப்படியே டீசல் லோடு வண்டிக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம்.

குட்டி யானைக்கு ஒரு கணக்கு

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம்ம மக்கள் வெச்ச பேர் குட்டி யானை. 702 சி.சி., ரெண்டு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். நாலு ஸ்ட்ரோக். அதாவது வால்வு இருக்கு, காத்து மட்டும்தான் உள்ளே போகும், டீசலைத் தனியா பம்ப் அடிக்கும். காடன் பிடிச்சுத் திருப்பி அனுப்பின ‘ஓடிப்போகும் பெட்ரோல்’ இங்க கிடையவே கிடையாது.

அப்போ மிச்சம் இருப்பது பேக் பிரஷர் மட்டும்தான். அதைக் குறைச்சா எவ்வளவு கிடைக்கும்? பேப்பர்ல போட்டுப் பார்க்கலாம். புது பைப் மாட்டினதால 0.1 பார் அழுத்தம் குறையுதுன்னு தாராளமா வெச்சுக்குவோம். அதை இன்ஜின் கொள்ளளவான 0.7 லிட்டரால் பெருக்கினா, ஒவ்வொரு சுற்று வேலைக்கும் மிச்சமாகும் ஆற்றல் 7 ஜூல். 3,200 ஆர்.பி.எம்.மில் ஒரு நொடிக்கு அப்படி சுமார் 27 முறை. மொத்தம் ஏறக்குறைய 190 வாட். அதாவது கால் குதிரைத்திறன்! 16-ல் கால்.

அதுவும் இன்ஜின் முழு வேகத்தில் கதறும்போது மட்டும். பேக் பிரஷர், புகை ஓடும் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ஆர்.பி.எம். பாதியானா அழுத்தம் நாலில் ஒரு பங்கு ஆகும், மிச்சமாகும் சக்தி எட்டில் ஒரு பங்கு ஆகும். சுமார் 24 வாட். ஒரு எல்.இ.டி. டியூப் லைட் அளவு.

இப்போ வில்லியனூர்–பாகூர் நிலத்தை மனசில் வெச்சுப் பாருங்க. கடலோர சமவெளி. மலைப்பாதை எதுவும் இல்ல. ஏறணும்னா ஏரிக்கரை, பாலம், ரயில்வே கேட், வயல்ல இருந்து ரோட்டுக்கு ஏறும் மண் சரிவு, அவ்வளவுதான். இங்கே டிரைவருக்கு வேண்டியது நின்ன இடத்தில் இருந்து லோடோட கிளம்பும் இழுவை. அது குறைந்த ஆர்.பி.எம். சமாச்சாரம். பைப் உதவி செய்றதா சொல்ற இடம் அதுக்கு நேர் எதிர்முனை.

டர்போ வந்தா கதை மாறுமா?

கொஞ்சம் மாறும், அதையும் சொல்லணும். வெளியே போகும் புகையில் வீணாகும் சக்தியைப் பிடிச்சு, அதாலயே காத்தை உள்ளே அழுத்தலாம்னு சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே காப்புரிமை வாங்கினார். நம்ம பக்கத்து உதாரணம் 2011-ல் ஓசூரில் இருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த். 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ டீசல்.

டர்போவின் விசிறி சுத்துறதே அதுக்கு முன்னாடி இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னாடி இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். பின்னாடி தடை குறைஞ்சா விசிறி கொஞ்சம் சீக்கிரம் வேகம் எடுக்கும். ஆனா உச்சபட்ச அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துது. எவ்வளவு டீசல் அடிக்கணும்னு இ.சி.யூ.வில் எழுதி வெச்சிருக்கு. டீசல் இன்ஜினில் சக்தி டீசலில் இருந்துதான் வரும். கூடுதல் டீசல் இல்லாம, அகலமான பைப் மட்டும் பெரிசா எதையும் கொடுத்திடாது. சாஃப்ட்வேரை மாத்தினா சக்தி கூடும், உண்மைதான். கூடவே சூடும் கூடும், கியர்பாக்ஸ், கிளட்ச் மேல சுமையும் கூடும். அந்தப் பெருமை பைப்புக்குச் சேராது.

அப்போ ‘பறக்குது’ன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா?

இல்ல. அவங்க அனுபவம் நிஜம்தான், காரணத்தைத்தான் மாத்திச் சொல்றாங்க. மூணு வழியில் இது நடக்கும்.

முதல் வழி, பழைய சைலென்சர் உள்ளே கரி படிஞ்சோ, துருப்பிடிச்ச தகடு உடைஞ்சு விழுந்தோ அடைச்சிருக்கும். கடல் காத்து அடிக்கிற நம்ம பக்கம் இரும்புக்கு ஆயுசு கம்மி. அடைச்ச பைப்பை எடுத்துட்டு எதை மாட்டினாலும் வண்டி இழுக்கும். கம்பெனி பைப்பை மாட்டியிருந்தாலும் இதே பலன்தான்.

ரெண்டாவது, அதே நாளில் மெக்கானிக் ஏர் ஃபில்டரை மாத்தி, வால்வு இடைவெளியைச் சரி பண்ணி, பழைய வண்டியா இருந்தா டீசல் பம்பையும் கொஞ்சம் ஏத்தி விட்டிருப்பார். எங்க வேலையில ரெண்டு மாற்றத்தை ஒரே ரிலீஸில் போட்டா எது பலன் கொடுத்ததுன்னு சொல்லவே முடியாது. இதுவும் அதே கதை. கரும்புகை தள்ளிக்கிட்டு வண்டி பாயுதுன்னா, அது பம்ப்போட வேலை.

மூணாவது, காது. சத்தம் பெருசானா வேகம் கூடின மாதிரி இருக்கும்.

சோதிச்சுப் பார்க்கணும்னா சுலபம். அதே லோடு, அதே ரோடு, மூணாவது கியரில் 20-ல் இருந்து 40 கிலோமீட்டர் வேகம் போக எத்தனை நொடி? போக மூணு தடவை, வர மூணு தடவை. பக்கத்தில் உட்கார்ந்தவர் போனில் நேரம் குறிக்கட்டும். பைப்புக்கு முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு. காதுக்கு இதில் ஓட்டு கிடையாது.

2020-க்கு அப்புறம் விலை வேற

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6. அதுக்கு அப்புறம் வந்த டீசல் வண்டியில் சைலென்சர் வரிசை என்பது வெறும் பைப் இல்ல. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி, வண்டியைப் பொறுத்து கரித்துகள் வடிகட்டி, சென்சார்கள்னு ஒரு சின்ன ரசாயனக் கூடமே அதில் இருக்கு. கழட்டினா சென்சார் கண்டுபிடிச்சு விளக்கு எரிய விடும், இ.சி.யூ. சக்தியைக் குறைச்சிடவும் வாய்ப்பு உண்டு. சக்திக்காகப் போய் சக்தியைத் தொலைக்கிற கதை.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி கம்பெனி சொன்ன அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ விதிக்கலாம். சத்தம், புகை விதியை மீறி ஓட்டினா தனியா 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் மூணு மாசம் போகலாம். பாகூர் பக்கம் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், ஒரே நடையில் புதுச்சேரி எல்லையும் கடலூர் மாவட்ட எல்லையும் மாறி மாறி வரும். இது மத்திய சட்டம், எந்தப் பக்கம் நின்னாலும் பொருந்தும். எஃப்.சி.க்குப் போகும்போதும் பழைய சைலென்சரைத் தேடணும்.

இன்னொன்னு, டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவிச்சது. அந்தப் புகையை அதிகமா சுவாசிக்கிறது யாரு? அதே வண்டியை ஓட்டுறவர்தான். லோடு இறக்கும்போது பின்னாடி நிக்கிறவர்தான்.

அந்தப் பணத்தை எங்க போடலாம்?

வண்டி இழுக்கலைன்னா முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். அப்புறம் டயர் காத்து, பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குதான்னு ஒரு பார்வை, கிளட்ச் நழுவுதான்னு ஒரு பார்வை. அடுத்து நாசில், வால்வு இடைவெளி, டர்போ வண்டின்னா ஹோஸில் காத்துக் கசிவு. கடைசியா சைலென்சர் அடைச்சிருக்கா? அடைச்சிருந்தா மாத்துங்க, ஆனா அதே அளவு, அதே அமைப்பில்.

டூ ஸ்ட்ரோக் ரேஸ் பைக்குக்குப் பைப் ஒரு வரம்தான். ஏரிக்கரையில் ஒரு டன் நெல்லோட முதல் கியரில் ஏறுற குட்டி யானைக்கு அது சத்தம் மட்டும்தான். உங்க வீட்டில், தெருவில் லோடு வண்டி ஓட்டுற அண்ணன் யாராவது பைப் வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவருக்கு அனுப்புங்க. அவரோட ஒரு மாச டியூ மிச்சமாகலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!