சென்னைக் கடலோரத்தில் உயிர்காப்பு: மசூலா படகு முதல் மெரினா வரை

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1639-இல் ஆங்கிலக் கும்பினி இடம் வாங்கிய கரை, வளைவோ ஒதுக்கமோ இல்லாத நேர்மணல் கரை. கப்பல்கள் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் வரிசை வரிசையாக அலை மடிந்து உடைந்தது. கப்பலின் சொந்தப் படகு அதற்குள் நுழைந்தால் கவிழ்ந்தது, இல்லாவிட்டால் தரையில் மோதிப் பிளந்தது. கவர்னரும் சிப்பாயும், வெள்ளிப் பெட்டியும் துணிப் பொதியும் அந்த அலையைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தாக வேண்டும். கடலில் உயிர் காக்கும் ஏற்பாடு இல்லாமல் வியாபாரம் நடக்காது என்ற நிலை அந்த நகரத்துக்கு இப்படித்தான் வந்தது.

தூத்துக்குடியில் இந்த நெருக்கடி இல்லை. அங்கே கடல் ஆழம் குறைவு. கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நின்றன. ஆனால் முயல் தீவும் வான் தீவும் மற்றத் தீவுகளும் அலையை மறித்தன. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் பருத்தி தோணியேறி அமைதியான நீரில் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னையில் அதே சரக்கு ஒவ்வொரு தடவையும் அலையோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

அதற்கென்றே ஏற்பட்டது மசூலா படகு. புதுச்சேரிப் பக்கத்தில் இந்த வகைப் படகைச் சலங்கு என்றார்கள். முப்பது அடிக்கு மேல் நீளம், தட்டையான அடி, உயர்ந்த பக்கங்கள். பலகைகளை இணைக்க ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகையின் ஓரத்தில் துளையிட்டு, பொருத்தின்மேல் காய்ந்த புல்லையோ நாரையோ வைத்து, தேங்காய்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். தரை தட்டும்போது ஆணியடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் இறைத்து ஊற்றவும் ஆள் உண்டு.

துடுப்புப் போடுகிறவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு பேர். பின்முனையில் நீண்ட துடுப்போடு நிற்பவர் தண்டையல். பயணிகளின் உயிர் அவருடைய கண்ணில் இருந்தது. உடையும் அலைக்கு வெளியே படகை நிறுத்தி, பின்னால் எழும்பி வருகிற அலையைப் பார்ப்பார். பெரிய அலையைக் கடந்துபோக விட்டு, அதன் முதுகிலேயே படகைச் செலுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். துடுப்புப் போடுகிறவர்கள் பாடும் பாட்டின் தாளம் சட்டென்று வேகம் பிடிக்கும். அடுத்த அலை எட்டிப் பிடிப்பதற்குள் படகு மணலில் ஏறியாக வேண்டும். தவறிப் பக்கவாட்டில் திரும்பினால் அலை அதைப் புரட்டிவிடும். கரை தட்டியதும் பயணிகளைத் தோளிலோ நாற்காலியிலோ தூக்கி இறக்கினார்கள்.

காற்றும் அலையும் மிகுந்த நாளில் மசூலா படகைச் சுற்றிக் கட்டுமரங்கள் கூடவே வந்தன. சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் ஒன்றிரண்டு பேர் மண்டியிட்டு, இரு பக்கமும் மாறிமாறித் துடுப்புப் போட்டு வருவார்கள். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைப் பிடித்து மரத்தில் ஏற்றுவது அவர்கள் வேலை. கட்டுமரத்துக்குக் கவிழ்ந்து மூழ்கும் பயம் இல்லை. அலை ஆளைத் தூக்கி எறிந்தாலும் நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொள்வார். படகுகள் போக முடியாத நாளிலும் ஓலையிலோ பாயிலோ முடைந்த குல்லாய்க்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தவர்கள் இவர்களே. உயிர்களைக் காப்பாற்றியவர்களுக்குக் கும்பினி அரசு பதக்கமும் வெகுமதியும் தந்தது.

இவை அத்தனையும் மாஸ்டர் அட்டெண்டென்ட் என்ற துறைமுக அதிகாரியின் கீழ் நடந்தன. அலையின் நிலையைப் பார்த்து, கரையில் கட்டிடத்தின்மேல் கொடி ஏற்றினார்கள். ஆபத்துக் கொடி பறந்தால் கப்பலிலிருந்து யாரும் சொந்தப் படகில் கரைக்குப் புறப்படக் கூடாது. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டிடத்தின் மாடியில் கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியது. 1844-இல் அது எஸ்பிளனேடில் எழுந்த கல்தூணுக்கு மாறியது. பிரிட்டனில் உயிர்காப்புப் படகுச் சங்கம் தோன்றியது 1824-இல். சிட்னியின் பாண்டைக் கடற்கரையில் நீராடுபவர்களைக் காக்கும் சங்கம் 1907-இல் கூடியது. எச்சரிக்கைக் கொடி, மீட்பு ஆள், அவர் ஏறிப் போக ஒரு மிதவை, வெகுமதி ஆகிய நான்கையும் சேர்த்து வைத்திருந்த சென்னைக் கடற்கரைக்கு உயிர்காப்பு வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. அந்தப் படகுக்காரர்கள் தங்கள் வருமானத்திலிருந்து பணம் ஒதுக்கி இராயபுரத்தில் கட்டிய புனித இராயப்பர் கோவில் மட்டும் அவர்கள் பெயர் சொல்லி நிற்கிறது.

உடையும் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்க 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டப்பட்டது. 1868-இல் கப்பல் ஒன்று அதை உடைத்துக்கொண்டு போனது. 1872 மே புயல் மறுபடி சேதப்படுத்தியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களைச் சரித்தது. திரும்பக் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி நெருங்கிவிட்டது. 1904-க்குப் பின் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயில் மாற்றப்பட்டுத் துறைமுகம் முழு உருப்பெற்றது. கப்பல் நேரே துறையில் கட்டியதும் மசூலா படகுக்கும் அதைக் காத்துவந்த கட்டுமரத்துக்கும் அரசின் கணக்கில் வேலை இல்லாமல் போயிற்று.

அதே துறைமுகம்தான் இன்றைய மெரினாவை உண்டாக்கியது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மணல் குவிந்து கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. 1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் கரையோரம் உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். காற்று வாங்கவும் கால் நனைக்கவும் கூட்டம் வரத் தொடங்கியது. கும்பினிச் சரக்குக்காக உயிர்காப்பை ஏற்படுத்திய அரசு, சாதாரண மக்கள் கடலில் இறங்கியபோது நெடுங்காலம் அதைப் பற்றி எண்ணவில்லை. குளிக்கக் கூடாது என்ற பலகையும் சிப்பாயின் விசிலுமே பாதுகாப்பாக இருந்தன.

மெரினாவில் கடல் கரையை ஒட்டியே திடீரென்று ஆழமாகிறது. அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், ஒரு குறுகிய வழியில் சேர்ந்து வேகமாகக் கடலுக்கே திரும்புகிறது. அந்த இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் கை சோர்ந்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பைவிட்டு வெளியே வந்துவிடலாம். உள்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கரிசல் காட்டுக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர் கைதேர்ந்த நீச்சல்காரராக இருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் ஆளை எங்கும் இழுத்துப் போவதில்லை. நொச்சிக்குப்பம், அயோத்திக்குப்பம் போன்ற இடங்களின் மீனவர்களுக்கோ கடலின் போக்கு அன்றாடப் பாடம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பிரித்தறிந்து வலை போடுகிறவர்கள் அவர்கள். மெரினாவில் தத்தளித்தவர்களைப் பல தலைமுறையாகச் சம்பளமோ பதக்கமோ இல்லாமல் இழுத்துப் போட்டவர்களும் அவர்கள்தான்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை சென்னையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதன்பின் 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2015 வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2020-களில் காவல் துறை மெரினாவில் உயிர்காப்புக்கெனத் தனிப் பிரிவை அமைத்தது. கடலறிந்த மீனவ இளைஞர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கரையில் ரோந்து, மிதவை, கயிறு, முதலுதவி என்று வேலை முறைப்பட்டது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உயிர்காப்பாளரும் மீட்புக் கருவியும் கரையில் இருப்பது அந்தச் சான்றுக்குரிய விதிகளில் அடக்கம்.