பல்செட்டுக்கு ஒரு கொலை

சங்கரன்கோவிலில் என் பாட்டி இரவில் தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்த பல்செட்டின் ஈறு செங்கல் நிறமாயிருக்கும். அது ரப்பர்! அந்த ரப்பருக்காக ஒரு கொலையே நடந்திருக்கிறது.

அதற்கு முன் ஐரோப்பாவில் தந்தத்தைச் செதுக்கி, இறந்தவர் பல்லைப் பதிப்பார்கள். 1815-ல் வாட்டர்லூவில் மாண்ட சிப்பாய்களின் பற்கள்கூடச் சீமான்களின் வாய்க்குப் போயின. தந்தம் எச்சிலில் அழுகும். விலையோ யானை விலை.

1851-ல் நெல்சன் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மெத்தென்ற ரப்பரைச் சாந்து அச்சில் திணித்து, இட்லி மாதிரி நீராவியில் வேகவைத்தால் வாய்க்குப் பொருந்தும் வல்கனைட் தயார். சாதாரண குமாஸ்தாவும் பல் கட்டிக்கொண்டார்.

பொறுக்குமா? 1864-ல் பல்செட்டுக்கென்றே பிறந்த இன்னொரு காப்புரிமை ஒரு கம்பெனியின் கைக்கு வந்தது. பல் வைத்தியர்கள் அதற்குக் கப்பம் கட்ட வேண்டும். கட்டாதவர் கோர்ட்டு ஏற வேண்டும். கம்பெனிப் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராக வழக்குத் தொடுத்தார். 1879-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ ஓட்டல் ஒன்றில், சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் வைத்தியர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலை கொலைதான்; ஆனாலும் அன்று எத்தனை வைத்தியர்கள் நிம்மதியாகத் தூங்கினார்களோ! 1881-ல் காப்புரிமை காலாவதியாயிற்று.

1930-களின் பிற்பகுதியில் ஈற்றின் நிறத்திலேயே அக்ரிலிக் வந்தது. எச்சில் ஊறி நாறும் வல்கனைட் பத்தாண்டுக்குள் மேல்நாடுகளில் அநேகமாக மறைந்தது.