படுக்கை யாருடைய கண்டுபிடிப்பு?

முதுமை இயற்கை. 'படுத்த படுக்கை' இயற்கையல்ல, அது செய்யப்படுவது. எந்தக் கட்டடத்தில், யாருடைய சௌகரியத்துக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால் முதியோர் மருத்துவத்தின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. இக்னாட்ஸ் நாஷர் 1909இல் நியூயார்க்கில் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். ஆனால், சொல் பிறந்ததும் தொழில் பிறந்துவிடவில்லை. தொழில் பிறந்த இடமாக நான் பார்ப்பது இங்கிலாந்தின் 'வொர்க்ஹவுஸ்' என்ற ஏழையர் விடுதியை.

1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின் தர்க்கம் எளியது: விடுதிக்குள் இருப்பவரின் நிலை வெளியே ஆகக் கீழான கூலிக்காரரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் எவரும் சும்மா வந்து ஒட்டிக்கொள்ள மாட்டார்கள். 'சோம்பேறி'யை விரட்டக் கட்டிய சுவர்களுக்குள் கடைசியில் தங்கிப்போனவர்களில் பெரும்பகுதி உழைத்து ஓய்ந்த கிழவர்களும் கிழவிகளும்தான். உழைப்புச் சக்தி தீர்ந்த உடலுக்கு முதலாளியம் ஒதுக்கிய இடம் அது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விடுதிகளை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. பலகை மாறிற்று, கட்டில் மாறவில்லை.

1935இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த இப்படியான விடுதியின் நோயாளிகளை ஏற்றபோது 714 படுக்கைகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. பக்கவாதம் வந்தவர், மூட்டு இறுகியவர், மனம் குழம்பியவர், வெறுமனே போக்கிடம் இல்லாதவர் – எல்லோர்மீதும் 'தீராநோயாளி' என்ற ஒரே சீட்டு. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார், வகைபிரித்தார், எழுப்பி உட்கார்த்தினார், நடக்க வைத்தார். கிடந்ததால்தான் பலருக்குக் கால் மடங்கி இறுகிற்று, புண் வந்தது, சிறுநீர் நிற்கவில்லை. நோயின் விளைவு என்று எண்ணப்பட்ட படுக்கை நோயின் காரணமாகவும் இருந்தது. தீராநோய்ப் படுக்கைகள் 240ஆகக் குறைந்தன.

இதை வீரகதையாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை. வகைபிரிக்கும் கண் விடுவிக்கிறது. அதே கண் கணக்கும் பார்க்கிறது. 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனில் தேசிய சுகாதார சேவையும் தேசிய உதவிச் சட்டமும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. சிகிச்சை வேண்டியவர் மருத்துவமனைக்கு, இலவசமாக. கவனிப்பு வேண்டியவர் உள்ளாட்சி இல்லத்துக்கு, வசதிக்கேற்ற கட்டணத்தோடு. ஒரு கிழவியின் உடல் இரண்டு இலாகாக்களாகப் பிளந்தது. குளிப்பாட்டுவது மருத்துவமா, சமூக சேவையா? இந்த வழக்கு அங்கே இன்னும் தீர்ந்தபாடில்லை. பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களைப் பார்த்துவிட்டு 1962இல் தம் நூலை வெளியிட்டபோதும் பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களில் முதியோர் இருந்தார்கள்.

இந்தத் துறை 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி. எஸ். நடராசன் மூலம் புறநோயாளிப் பிரிவாக வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பாயிற்று. நம்மிடம் வொர்க்ஹவுஸ் இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள், அதன் இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. குடும்பம் இருக்கிறது, குடும்பத்துக்குள் கூலியில்லாத மருமகள் இருக்கிறாள். "வயசாயிடுச்சு, இனிமே என்ன பண்றது" என்ற வாக்கியம்தான் நம் ஊர்த் 'தீராநோயாளி'ச் சீட்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையைப் பேசுகிறது; கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளைப் பற்றிப் பேசவில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் அதைச் சுமந்து நடப்பவர்கள் ஊக்கத்தொகைக்கு வேலை செய்யும் பெண்கள்.

வாரன் கேட்டது ஒரு கேள்வி: இவர் ஏன் படுத்திருக்கிறார்? அதோடு இன்னொன்றையும் நாம் கேட்டாக வேண்டும்: இவரைத் தூக்கி உட்காரவைப்பவருக்கு என்ன கூலி? இரண்டாவதைக் கேட்காத முதியோர் நலம் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.